பக்கத்து சீட்

புதுப் பெயர் வைப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எங்கள் விமான அருங்காட்சியகம் சின்னது. கைவிட்ட ஓடுபாதை ஒன்று, அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, உள்ளே கொஞ்சம் பழைய விமானங்கள். வாசல் பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருந்தாலும் எல்லாருக்கும் அது கேப்டன் மியூசியம்தான். கேப்டன், பழுது பார்த்து முடித்த ஒரு விமானத்தைச் சோதித்துப் பார்க்க மேலே கொண்டுபோனார். திரும்பி வரவில்லை. காற்றா, இன்ஜினா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் நினைவாக மியூசியம், அவர் பெயரில் பலகை, வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை.

அந்த விமானத்தில் இன்னொருவரும் இருந்தார். என் அப்பா. இன்ஜினைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூட்டியவர் முதல் ஓட்டத்தில் பைலட்டின் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். உன் வேலையை நீயே நம்புகிறாயா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், சீட்டைக் காட்டுவார்கள். அப்பா நம்பினார், உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் செத்தார்கள். பலகையில் ஏறியது ஒருவர்தான்.

அம்மாவுக்கு மியூசியத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை போட்டுத் தந்தார்கள். அதை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்லிக் காட்டுவார்கள். நான் அந்தக் கொட்டகையிலேயே வளர்ந்து, அங்கேயே வேலை கற்று, அங்கேயே மெக்கானிக் ஆனேன்.

அதனால், பெயரை மாற்றப் போகிறோம் என்று தலைவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். தலைவர் கேப்டனின் மகன், ஓய்வு பெற்ற பைலட். சின்ன வயதிலிருந்து அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தேன். "அண்ணா, மாத்தறதுன்னு ஆயிடுச்சு. எங்கப்பா பேரையும் சேர்த்துடுங்க. ரெண்டு பேரும் இருக்கட்டும்."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். புது அடையாளம் செய்து தர வந்திருந்த டிசைனர்தான் வாயைத் திறந்தார். "மேடம், ஆள் பேரு வெக்கறதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்ல. அதுவும் விபத்துல போனவங்க பேரு. குடும்பத்தோட வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். 'சிறகுகள்'னு வெச்சா சின்னதா, ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அதே பேர்ல ஒரு பியூட்டி பார்லர் இருக்கு," என்றேன்.

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவருக்கு வரவில்லை. "நானே எங்கப்பா பேரை விட்டுக் கொடுக்கறேன். அந்த மெக்கானிக் பேருக்காக நீ ஏம்மா மல்லுக்கு நிக்கறே?"

அந்த மெக்கானிக்காம்! இத்தனை காலம் ஒருவர் பெயர் தொங்கியபோது எந்தக் குடும்பத்துக்கும் ஒரு மாதிரி இருக்கவில்லை. இரண்டாவது பெயர் என்றதும் ஆள் பெயரே கூடாது என்கிறார்கள். அண்ணாவிடம் விட்டுக் கொடுக்க ஒரு பலகை இருந்தது. போதாததற்குச் சிலை வேறு அங்கேயேதான் நிற்கப் போகிறது. என்னிடம் விட்டுக் கொடுக்க என்ன இருந்தது? கை தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கையும் சிறகுகளுக்கு உயர்ந்தது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சிறகுகளா? போகட்டும், டிக்கெட்டுல அச்சடிக்க எழுத்து கம்மி," என்றாள். மடித்த துண்டையே உதறி மறுபடி மடித்தாள். அவளுக்கும் பொறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

திறப்பு விழா வந்தது. எங்கு பார்த்தாலும் நீலம். நீலப் பலகை, நீலப் பறவை, எங்கள் எல்லாருக்கும் நீல டீ-ஷர்ட். மாதக்கணக்கில் நான் கழற்றிப் பூட்டிய சின்னப் பயிற்சி விமானத்தைத் தலைவரே ஓடுபாதையில் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. பறக்காது, ஓடித் திரும்பும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டு, விழாச் செலவை ஏற்ற பெயின்ட் கம்பெனி முதலாளிக்கு. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தயாராக நின்றார் அவர்.

நான் அவருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

தலைவர் கையில் மைக்கோடு ஓடி வந்தார். "இறங்கும்மா. சார் உக்காரணும்."

"பூட்டினது நான்தாண்ணா. இது முதல் ஓட்டம்."

"அதெல்லாம் அந்தக் காலம். எல்லாரும் பாக்கறாங்க, மானத்தை வாங்காதே."

"எங்கப்பாவைப் பக்கத்து சீட்டுல உக்காரச் சொன்னது உங்கப்பா. சாகறதுக்கு வழக்கம் வேணும், பலகைன்னு வந்தா பேரு வேணாம், அப்படித்தானே?" பெல்ட்டை இன்னும் இறுக்கினேன். "சரி, இறங்கறேன். கையில மைக் இருக்குல்ல? எங்கப்பா பேரை ஒரு தடவை சொல்லுங்க. அடுத்த நிமிஷம் இறங்கிடறேன்."

அவர் முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்திருப்பார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த நேரத்துல, எங்கப்பாவோட உயிர் விட்ட நம்ம மெக்கானிக்... நம்ம..."

நின்றுவிட்டார்.

முதலில் வீம்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாது. தன் அப்பாவோடு செத்த மனிதரின் பெயர் இவருக்குத் தெரியவே தெரியாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஓடுபாதையில் ஓடிய அண்ணாவுக்கு!

"சட்டுனு வாயில வரமாட்டேங்குது. நீயே சொல்லிடேன்மா," என்றார் மெதுவாக.

"நான் சொல்ல மாட்டேன். எங்கம்மா டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்காங்க. போய்க் கேளுங்க."

போனார். வேறு வழி இல்லை. அத்தனை விருந்தினருக்கும் முன்னால் வெயிலில் நடந்து, கவுன்ட்டரின் சின்ன ஜன்னலுக்குக் குனிந்தார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். ஒலிபெருக்கி அவர் கேள்வியை மைதானம் முழுக்கப் போட்டது. "அம்மா... உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அம்மாவின் குரல் வந்தது. அழவில்லை, இழுக்கவில்லை. டிக்கெட் விலையைச் சொல்வது போல அப்பாவின் பெயரைச் சொன்னாள். தலைப்பெழுத்தோடு சொன்னாள். பலகையில் ஏறாத பெயர் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் கோபம் போகவில்லை.

தலைவர் வேர்த்துப்போய்த் திரும்பி வந்தார். "அதான் எல்லாரும் கேட்டாச்சே. இறங்கும்மா."

"சொன்னது எங்கம்மா. நீங்க இன்னும் சொல்லல."

அவர் மைக்கை உதட்டருகே கொண்டுபோய், தலையைக் குனிந்து, வாய்க்குள்ளேயே சொன்னார்.

"சத்தமா," என்றேன்.