எண்பத்தாறு டிகிரிக் குளிர்

பல் டாக்டர் எவாந்த்ரோவின் 'கோல்' ரகக் காருக்கு முப்பத்திரண்டு வயது. அதில் டர்போ ஏறி இருபது வருஷம். அது டாக்டரிடம் வந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அவர் அதை ஓட்டிய நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம். நோயாளியின் கடைவாய்ப் பல்லில் துளை போடும்போதும் பேசுவார். வாயைத் திறந்துவைத்திருப்பவன் மறுத்துப் பேச முடியாது என்பது அந்தத் தொழிலின் வசதி.

குரிச்சிபா நகரத்தில் பழைய டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வண்டி இருநூறு குதிரைத்திறன் காட்டிவிட்டால், கறி சுடும் அடுப்புக்குப் பக்கத்திலுள்ள நீள மேசையில் இடம். அதற்குக் குறைந்தவர்களுக்குக் கழிப்பறைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர் எட்டு மாதமாகக் கழிப்பறைப் பக்கம்தான்.

"மேஸ்திரி, இன்டர்கூலர் போட்டா இருநூறு வந்துடும்ல?" என்று மெக்கானிக் லிந்தோமாரின் பட்டறையில் வந்து நின்றார்.

"டர்போ காத்தை அமுக்குது டாக்டர். அமுக்குன காத்து கொதிக்குது. அதை ஆறவெச்சு இன்ஜினுக்குக் குடுத்தா பலம் கூடும். எவ்வளவுன்னு அளந்து பார்த்துத்தான் சொல்வேன்."

"வெளியே தெரியுமா?"

"எது?"

"இன்டர்கூலர். முன்னாடி நிக்கிறவனுக்குத் தெரியணும் மேஸ்திரி. தெரியலைன்னா எதுக்குப் போடணும்?"

லிந்தோமார் கையைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு வட்ட ரப்பர் சீல் இருந்தது. தான் கண்ணால் பார்த்து அளக்காத எண்ணின்மேல் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அதைக் குத்தியதில்லை. ஊரில் பழைய டர்போ வண்டி கைமாறும்போது, "லிந்தோமார் சீல் இருக்கு" என்று சொன்னால் வாங்குபவன் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. பட்டறையின் கூரை ஒழுகும், சுவர் விரிசல் விட்டிருக்கும். அவருடைய சொத்து அந்தச் சீல்தான்.

இரண்டு வாரம் வேலை நடந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரைத் தாங்கி வைத்துக் கட்டினார். அலுமினியக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்தார். சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றடித்து, குமிழி கிளம்பிய இரண்டு இணைப்புகளைக் கழற்றி மறுபடி இறுக்கினார். பிறகு பெட்ரோலைக் கூட்டி, தீப்பொறி விழும் டைமிங்கை அரை அரை டிகிரியாக நகர்த்தினார். இன்ஜின் உடம்பில் ஒரு செப்புக் குழாயைப் பொருத்தி, ரப்பர் குழாய் வழியாகக் காதுக்கு வாங்கி, உள்ளே தட்டல் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தார். தட்டினால் பிஸ்டன் போய்விடும். நூற்று ஐம்பத்தொன்றாக இருந்த வண்டி பட்டறையின் அளவுக்கருவியில் நூற்று எண்பத்துநாலு காட்டியது. அந்த வயதுக்கு அது அருமையான எண்.

"பதினாறுதானே குறையுது? ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடும்" என்றார் டாக்டர், மேயப்போன குதிரைகள் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பும் என்பதைப்போல. வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஊருக்கு ஜூலைதான் குளிர்காலம்; எட்டு டிகிரி. கம்பளித் தொப்பியும் கழுத்துத் துண்டுமாக இருபது பேர், வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு சங்கத்து மைதானத்தில் நின்றார்கள். காரை உருளைமேல் ஏற்றிக் கட்டி, ஓடவிட்டுப் பலத்தை அளக்கும் இயந்திரம் நடுவில் இருந்தது. அதன் அதிபதி அவுரேலியோ. எல்லோரும் அவரை இன்ஜினியர் என்றார்கள். எங்கே படித்தார் என்று கேட்பது அநாகரிகம் என்று கருதப்பட்டது.

கோல் வந்து நின்றது. டியூன் பார்க்க வந்திருந்த லிந்தோமாருக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு பல். முன் பம்பர் அறுத்துத் திறக்கப்பட்டிருக்க, இன்டர்கூலரின் முகம் முழுக்க ஒரு வெள்ளைக் கடைவாய்ப் பல் இளித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் 'டாக்டர் எவாந்த்ரோ'. மூன்று பூச்சு எனாமல் பெயின்ட், மேலே வார்னிஷ். காற்று நுழையவேண்டிய மெல்லிய தகடுகளுக்கு நடுவே பெயின்ட் கட்டியாக உறைந்து கிடந்தது. லிந்தோமார் குனிந்து நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"டாக்டர், பல்லு இடுக்குல சோறு அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?"

"எடுத்துடுவேன்."

"இங்க நீங்களே அடைச்சு வெச்சிருக்கீங்களே."

"சும்மா இருங்க மேஸ்திரி, அது என் கிளினிக்கோட சின்னம்."

சூடேற்றும்போதே செப்புக் குழாய் வழியாகத் தட்டல் கேட்டது. காற்று ஆறவில்லை. பிஸ்டனைக் காப்பாற்ற லிந்தோமார் டைமிங்கை நான்கு டிகிரி பின்னுக்கு இழுத்தார். நூற்று எண்பத்துநாலாவது ஒன்றாவது. நூற்று எண்பதைத் தொட்டாலே அதிசயம் என்று நினைத்தார்.

அவுரேலியோ வண்டியை முடுக்கினார். திரையில் 200.4 என்று வந்தது.

கைதட்டல். டாக்டர் அவுரேலியோவைக் கட்டிப்பிடித்தார். '200' என்று மார்பில் எழுதிய பனியன் ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருந்தது. கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். சான்றிதழை மாட்டக் கண்ணாடிச் சட்டமும் வந்திருந்தது. அவுரேலியோ தாளை நீட்டினார்.

"டியூன் பண்ணவர் சீல் போடணும், மேஸ்திரி. உங்க சீல் இருந்தாத்தான் எடுபடும்."

லிந்தோமார் சீலை எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அடுப்படியிலிருந்து கத்தல் கேட்டது. சங்கத்தில் கறி சுடும் ஜில்மார். அவனுடைய வண்டிக்கு இருநூற்றுப் பதினாலு.

"இன்ஜினியரே, உங்க வயரை எடுங்கய்யா! கறியெல்லாம் ரப்பர் நாத்தம் அடிக்குது. வாராவாரம் இதே கூத்தாப் போச்சு!"

லிந்தோமார் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது இயந்திரத்திலிருந்து கிளம்பி, புல்தரையில் ஊர்ந்து, அடுப்பின் விளிம்பில் ஏறி, இரண்டு தொத்திறைச்சிகளுக்கு நடுவே தொங்கியது. நுனியில் வெப்பமானி. வெளிக்காற்றின் சூட்டை அளந்து இயந்திரத்துக்குச் சொல்லும் கருவி அது. வெயில் ஏறினால் இன்ஜினுக்குப் பலம் குறையும் என்பதால், இயந்திரம் இரக்கப்பட்டு அதற்கு ஈடாகக் கொஞ்சம் குதிரைகளைச் சேர்த்துக் கணக்குப் போடும். திரும்பிவந்து திரையின் மூலையைப் பார்த்தார். வெளி வெப்பம்: 86.

"என்னய்யா இது?"

"தட்பவெப்பத் திருத்தம் மேஸ்திரி. அறிவியல்" என்றார் அவுரேலியோ.

"எண்பத்தாறு டிகிரின்னா நாம இந்நேரம் வெந்திருக்கணும். நீ ஏன்யா கம்பளித் தொப்பி போட்டிருக்கே?"

நீள மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். மாட்டுக்கறியோடு சேர்த்துக் குதிரைகளையும் இத்தனை வருஷமாகச் சுட்டிருக்கிறார்கள்; இங்கே எல்லோருக்கும் அது தெரியும். இந்தக் கும்பலுக்கு நடுவில்தான் தன் சீலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று லிந்தோமாருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் வெப்பமானியை உருவி, துண்டால் எண்ணெயைத் துடைத்து, காரின் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டார். எண் இறங்கி எட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். யாரும் தடுப்பதற்குள் காருக்குள் ஏறி முடுக்கினார். நூற்று எழுபத்தேழு.

இயந்திரம் அச்சடித்த புதுத் தாளை உருவிச் சீல் குத்தினார். "இந்தாங்க டாக்டர். பெயின்ட்டைச் சுரண்டிட்டு வந்தா பழையபடி நூத்தி எண்பத்துநாலு ஆக்கித் தர்றேன்."

டாக்டர் அந்தத் தாளைக் கையால் தொடவில்லை. "உங்க டியூனிங் இந்தக் குளிருக்கு ஒத்துவரலை மேஸ்திரி" என்றார், வாய் திறந்திருக்கும் நோயாளியிடம் பேசும் அதே கனிவோடு.

"அப்ப அந்த இருநூறுல என் பேரு வேண்டாம்."

"உங்க பேரை யாரு கேட்டா? சங்கத்து வண்டி ஒண்ணுகூட இனிமே உங்க வாசல்ல நிக்காது" என்றார் டாக்டர்.

'டியூன் செய்தவர்' என்ற இடத்தில் அவுரேலியோ தன் பெயரையே எழுதிக்கொண்டார். அந்தக் காரின் பானெட்டைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. வயர் மறுபடி தொத்திறைச்சிக்குப் போயிற்று. அடுத்த வண்டி உருளைமேல் ஏறியது.

லிந்தோமார் தன் வேனின் கதவைத் திறந்தபோது பின்னால் மூச்சிரைத்தது. ஜில்மார். கையில் காகிதத் தட்டு நிறையக் கறி.

"சாப்பிடாமப் போறீங்களே மேஸ்திரி. இது வயருக்குத் தள்ளி இருந்த துண்டு." தட்டை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினான். "என் வண்டி நிஜமா எவ்வளவு இருக்கும்? நூத்தி எழுபதாவது தேறுமா?"

"செவ்வாய்க்கிழமை கொண்டு வா, அளந்துடலாம்."

"வர்றேன். ஆனா எழுத வேண்டாம். காதோட சொன்னாப் போதும்."

"அளந்தா எழுதுவேன் ஜில்மார். சீலும் போடுவேன்."

ஜில்மார் நீள மேசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கறி ஆறிவிடும் என்று முணுமுணுத்தபடி அடுப்பை நோக்கி நடந்தான்.