வடக்கைப் பார்த்த மீட்டர்

பக்கிரிசாமி முதலாளிக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு. ஒரு தொட்டி பீர் வீணாய்ப் போனதற்கான கணக்கு அது. மாதம் இருநூறாகச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று முதலாளி தயாநிதி சொல்லிவிட்டார். பக்கிரிசாமிக்கு வீட்டு வாடகையே முன்னூற்றைம்பது.

"மால்ட்டுக்கு இவ்வளவு, கேஸுக்கு இவ்வளவுன்னு சொன்னாரு, சரி. அந்த அம்பது காசு எதுலண்ணே போச்சு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும்?

பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற ஒரு கொட்டகையில்தான் பீர் காய்ச்சுகிறோம். நான் தொட்டி கழுவுகிறவன். பக்கிரிசாமி தண்ணீர் திறக்கிறவர். அரைத்த மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், சுடுதண்ணீரை அளந்து விடுவதுதான் பீருக்கு முதல் வேலை. தண்ணீர் கூடினால் சப்பென்று போகும், குறைந்தால் மண்டையில் அடிக்கும். பக்கிரிசாமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, மனதுக்குச் சரி என்று படும்போது குழாயை மூடுவார். அதனால் எங்கள் பீர் ஒரு மாதம் பக்கத்து ஊர் கூலிம்காரர்களைப் பாட வைக்கும். அடுத்த மாதம் கக்கூசுக்கு மட்டும் அனுப்பும்.

கடைக்காரர்களின் புகார் தாங்காமல் முதலாளி ஒரு மீட்டர் வாங்கிக் குழாயின் நடுவில் மாட்டினார். உள்ளங்கை அளவு கண்ணாடி முகம். நானூறு லிட்டர் என்று அமுக்கிவிட்டால், நானூறு ஓடியதும் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

"அண்ணே, இனிமே வால்வுல கையே வைக்கக் கூடாது. உங்க கைதான் ஒவ்வொரு தடவையும் ருசிய மாத்துது," என்றார் முதலாளி பக்கிரிசாமியிடம்.

"சரி போஸ்."

"தண்ணி கூரை வரைக்கும் ஏறுனாலும் வைக்காதீங்க லா."

"சரி போஸ்."

அதன் பிறகு எங்கள் பீர் மாதா மாதம் ஒரே ருசியாக இருந்தது. முதலாளி விசிலடித்துக்கொண்டு நடந்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. தொட்டிகளைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்தோம். மீட்டரின் கண்ணாடிக்கும் மூன்று விபூதிக் கோடுகள். முதலாளி ஐயரை அழைத்துவரப் போயிருந்தார். அவருடைய அம்மா மனோகரி வடையோடு வந்து இறங்கினார். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா பேச்சில் அது இன்னும் இருக்கும். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தவர் மீட்டர் முன்னால் நின்றுவிட்டார்.

"இது ஏன் தெற்கப் பாக்குது?"

"அப்படித்தாம்மா மாட்டுனாங்க," என்றார் பக்கிரிசாமி.

"தெற்கு யமன்ர திசையெல்லோ! பூசை நாளில இப்பிடி வைக்கலாமோ? வடக்கால திருப்பி விடுங்கோ."

இரண்டு கிளாம்பைக் கழற்றி, மீட்டரைத் தலைமாற்றிப் பிடித்து, மறுபடி முடுக்கினோம். இம்மி பிசகாமல் பொருந்தியது. அம்மாவுக்குத் திருப்தி. எங்களுக்கு இரண்டு வடை கூடுதல்.

மறுநாள் முதலாளி பினாங்குக்குப் போய்விட்டார். பக்கிரிசாமி நானூறை அமுக்கினார். எண் ஓடியது. எண்ணுக்கு முன்னால் சின்னதாய் ஒரு கோடு. அதையும் விபூதிக் கோடு என்றே இருவரும் நினைத்தோம். பூசை முடிந்த மறுநாளே விபூதியைத் துடைக்க யாருக்குக் கை வரும்?

நானூறு வந்தது. வால்வு மூடவில்லை.

"முருகையாண்ணே, தாண்டிருச்சு."

"மூடுய்யா."

"கை வைக்கக் கூடாதுன்னாரே."

"போன் போடு."

போட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மால்ட் கஞ்சி விளிம்புக்கு வந்து, வழிந்து, வடிகாலைப் பார்த்து நடந்தது. பக்கிரிசாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார், எங்கே வைத்துவிடுவோமோ என்கிற பயத்தில். கடைசியில் நான் ஓடிப் போய்த் தண்ணீர்ப் பம்பின் சுவிட்சை அணைத்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்து தொட்டியைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கண்ணு இல்லையாண்ணே?"

"கண்ணு இருந்துச்சு போஸ். கைதான் இல்ல."

இந்தப் பதிலுக்காகத்தான் அந்த ஐம்பது காசு சேர்ந்ததோ என்னவோ.

இரண்டு நாள் கழித்து மீட்டர் கம்பெனியிலிருந்து ரவிச்சந்திரன் வந்தார். பக்கவாட்டில் இருந்த சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் ஓர் அம்புக்குறி இருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"யாரு இத திருப்பி மாட்டுனது? தண்ணி அம்பு காட்டுற பக்கம் போகணும். இப்ப பின்னால ஓடுறதா நெனச்சு மைனஸ்ல எண்ணிருக்கு. மைனஸ்ல போய்க்கிட்டே இருந்தா எப்ப நானூறு வர்றது?"

முதலாளி பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதலாளியிடமே அவர் தாயைக் காட்டிக் கொடுத்துவிட்டு எங்கே போய்ப் பிழைக்கிறது?

"நாங்கதான் போஸ்," என்றார் பக்கிரிசாமி.

"ஏன்?"

"தெற்கப் பாத்துச்சு போஸ்."

"பாத்தா?"

"யமன்..."

ரவிச்சந்திரன் திரும்பி நின்று இருமினார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இருநூறு பத்தாது. மாசம் முன்னூறு பிடிக்கிறேன்!"

மீட்டரைப் பழையபடி மாட்டி முடித்த நேரம், மகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மனோகரி அம்மா வந்தார். கண் நேராக மீட்டருக்குப் போனது.

"ஆர் இதைப் பிறகும் தெற்கால திருப்பினது? நான் சொல்லியெல்லோ வடக்கால வைச்சவை!"

முதலாளி அம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்களாம்மா சொன்னீங்க?"

"வேற ஆர்? பக்கிரிசாமி சொன்ன உடன செய்தவர். நீ செய்வியோ?"

"அதுல ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு மேல போச்சும்மா."

"ஆரின்ர காசு போச்சு?"

முதலாளி மேசைக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் காசுதாம்மா," என்றார் பக்கிரிசாமி. "மாசம் முன்னூறு."

அம்மா சாப்பாட்டுக் கேரியரை மேசையில் வைத்தார். "சாமி காரியத்தில போன காசை வேலை செய்யிற ஆக்களிட்டப் பிடிக்கிறதோ? எந்த வீட்டில வளந்தனீ?"

"அம்மா, பீர் வேற, சாமி வேற."

"அப்ப ஏன் பீர்த் தொட்டிக்குத் திருநீறு பூசுவிச்சனீ?"

என்ஜினியரிங் படித்த மனிதர், தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ரவிச்சந்திரன்தான் நடுவில் வந்தார். "ஆன்ட்டி, முழுசா திருப்பத் தேவையில்ல. தலைய மட்டும் திருப்பலாம்." ஒரே ஒரு திருகாணியைத் தளர்த்தி, கண்ணாடி முகத்தை மட்டும் வடக்கே திருப்பினார். அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இத மாட்டுன அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் முதலாளி.

"யமனப் பத்தி நீங்க சொல்லலையே போஸ்."

அம்மா மகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலாளி கணினியைத் திறந்து, பக்கிரிசாமி பெயரில் இருந்த முழுத் தொகையையும் அழித்து, பூசைச் செலவு என்று போட்டார். போட்டு முடிக்கும் வரை அம்மா கேரியரைத் திறக்கவில்லை.