இன்னொருத்தர் இடது கால்

"பாலம் ஏறினா இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது" என்று காலையில் வஜீஹா சாவியை நீட்டினாள். ஈக்காட்டுத்தாங்கலில் தன் மெக்கானிக் ஷெட்டுக்குக் காரை உருட்டாத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தான் அவள் புருஷன் நதீம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டான். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அப்போதே அணைந்திருக்க வேண்டும். அதுபாட்டுக்கு ஓடியது. பிளேட் வழுக்குகிறது.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தான். ரம்ஜானுக்கு முன்னால்தான் போட்ட பிளேட், கருகித் தேய்ந்து கிடந்தது. கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்களின் வேலை இது. வஜீஹாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது; ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். முந்தாநாள் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் சீட் பின்னால் தள்ளியிருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. அவளோ குள்ளம்.

பக்கத்து ஷெட் பிரபாகர் ஆறடி. கிளட்சில் கால் வைத்து ஓட்டுவதில் பேர்போனவன். "அண்ணி கை பிரியாணியே தனி" என்று வேறு இளிப்பான். யோசிக்க யோசிக்க நதீமுக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்பானரும் கையுமாகப் போய் நின்றான்.

"இன்னாடா, என் வூட்டு வண்டிய நீ ஓட்டிக்கினு கீறியா?"

"இன்னா பாய் சொல்ற? அத்த நான் தொட்டதே இல்ல."

"பொய் சொல்லாத! என் பொண்டாட்டியப் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு..."

"நான்தாண்ணா ஓட்னேன்."

திரும்பினான். வண்டியைப் பார்க்க வந்த வஜீஹா நின்றிருந்தாள். பேசியது கூட வந்த நெட்டைப் பெண், கொட்டிவாக்கத்தில் மீன் விற்கும் டயானா.

"மீன் எட்த்தார குட்டி யானை லோடு வண்டி வாங்கப் போறேன். அக்காதான் ஓட்டக் கத்துக் குடுக்குது. கால எடு, கால எடுன்னு அது கத்தும். பயத்துல எனக்குக் கால் கிளட்ச் மேலயே நின்னுடுது."

நதீமின் பொறாமை இறங்கவில்லை, இடம்தான் மாறியது. "நான் கத்துக் குடுத்தத ஊருக்கே கத்துக் குடுக்குற, என்கிட்ட ஒரு வார்த்த இல்ல!"

"டிரைவிங் கிளாஸ் எடுக்கிறேன்னு சொன்னப்ப இதே ஷெட்ல எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க." வஜீஹா கருகிய பிளேட்டைப் பார்த்தாள். "இதப் பிரிச்சுப் பாத்தீங்க, பிரபாகரக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

நதீமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"புது பிளேட் போடுங்க. கத்துக் குடுக்கறப்ப நான் உக்கார்ற பக்கமும் ஒரு கிளட்ச், பிரேக் வெச்சுக் குடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, பிரபாகர் வெச்சுக் குடுப்பாரு."

நதீம் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் புகுந்தான்.