கைப்பிடிக்கு அடியில்

படகு டெக்கின் மேல்தகட்டை அறுத்துப் பெயர்த்தபோது உள்ளேயிருந்த மரம் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா வீட்டுக்காரர் அவர்.

பழைய ஃபைபர் படகு. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவில் கனமே இல்லாத மரத்துண்டுகள். தண்ணீர் புகாதவரை கெட்டியாக நிற்கும். புகுந்துவிட்டால் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அழுகும். மூன்று வாரம் முன்னால் அக்கா கால் வைத்த இடத்தில் டெக் உள்வாங்கி, கணுக்கால் முறிந்தது. இன்னும் மாவுக்கட்டோடுதான் கிடக்கிறாள்.

அன்றிலிருந்து மாமா ஹாலில் படுக்கிறார். போன வருஷம் உள்ளே காற்று வரட்டுமென்று டெக்கை வெட்டி, திறந்து மூடுகிற மாதிரி ஒரு மூடி வைத்தவர் அவர். அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். "நான்தான் அவ காலை உடைச்சேன் மாப்ள" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். "என் கால் ஒட்டிடும்டா. இந்த மனுஷனை எதைப் போட்டு ஒட்டறது?" என்று என்னிடம் அழுதாள். படகைப் பிரிக்க நான் வந்ததே அவளுக்காகத்தான்.

அறுப்பதற்கு முன் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்திருந்தேன். நல்ல இடம் டக்கென்றது, கெட்ட இடம் பொத்தென்றது. மூடியைச் சுற்றி முழுக்க டக். இப்போது திறந்து பார்த்தால் அங்கே மரம் வெளுப்பாகக் காய்ந்து கிடந்தது; மாமா வெட்டிய விளிம்பெல்லாம் எபாக்ஸி பிசினை ஒழுங்காகப் பூசியிருந்தார். கறுத்த அழுகல் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போனேன். கைப்பிடிக்கு அடியில் நான்கு ஸ்க்ரூ துளைகளில் போய் நின்றது.

அந்தக் கைப்பிடியை வைத்தவன் நான்.

ஆறு வருஷம் இருக்கும். ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டுமென்று அக்கா கேட்டாள். முறைப்படி என்றால் துளையைப் பெரிதாகப் போட்டு, பிசினால் அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் சின்னதாகத் துளைத்து ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். பிற்பாடு கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. பிசின் இறுக ஒரு நாள் பிடிக்கும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? நேராகத் துளைத்து, மேலே கொஞ்சம் சிலிக்கான் பசை தடவி, ஒரு மணி நேரத்தில் முடித்து அக்காவிடம் சபாஷும் வாங்கிவிட்டேன். இத்தனைக்கும் நான் பிளம்பர். ஊரார் வீட்டு ஒழுகலை அடைப்பதுதான் என் பிழைப்பு.

மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டருக்கு பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மரத்தைச் சுரண்டி வாளியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு சுரண்டல் சுரண்டியும் விட்டேன். பிறகு கை ஓடவில்லை.

"மாமா, இங்க வாங்க."

வந்து குனிந்தார்.

"மூடி இல்ல மாமா. அது காய்ஞ்சு கிடக்கு, தொட்டுப் பாருங்க. தண்ணி இங்கேருந்துதான் போயிருக்கு. இது நான் போட்ட ஓட்டை."

மூடியோரத்து மரத்தைத் தடவினார். நம்பாமல் மறுபடியும் தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அப்படியே உட்கார்ந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் இல்லடி" என்றார். "மூடி இல்லயாம்... இரு, உன் தம்பியே சொல்றான்."

போனை என் பக்கம் நீட்டினார். "என்னடா ஆச்சு?" என்று அக்கா கேட்பது காதில் விழுந்தது. என் இரண்டு கையிலும் முழங்கை வரை கறுத்த மரச்சகதி. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் விரல்களைச் சட்டையில் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.