ஸ்டியரிங்கில் ஆட்டம்

"ஸ்டியரிங் ஆடுதுடா தம்பி" என்று அப்பா நச்சரிக்க ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. ஊரார் வண்டிக்கெல்லாம் ஓடி ஓடி வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குச் சொந்த அப்பாவின் பழைய காரைப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. வாரா வாரம் அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவர் போவது இவனுடைய அக்கா வீட்டுக்கு. அக்காவோ சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் இவனைக் கையாலாகாதவன் என்று சொல்லிவிட்டவள். அன்றிலிருந்து அவள் பேச்சை எடுத்தாலே இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். போகாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒருவழியாக வண்டியை ஷெட்டில் ஏற்றினான். "மேல உக்காந்து லேசா இப்படியும் அப்படியும் ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடியில் இருந்த குழிக்குள் இறங்கி, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டைக் கையால் பொத்திப் பிடித்தான். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் கீழே தொட்டுப் பார்க்க வேண்டும். அப்பா வயசெல்லாம் லாரி ஓட்டியவர்தான். முட்டிவலியால் குழிக்குள் இறங்க முடியாது. அதனால் மகன் சொல்வதுதான் முடிவு.

உள்ளங்கையில் டக் டக்கென்று இடித்தது. மூட்டு தேய்ந்து, விழப்போகும் பல் போல ஆடியது.

"என்னடா, இருக்கா?"

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, பாவிக்கு.

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் ஆடுது?"

ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "வண்டி ஆடலப்பா. உங்க கைதான் ஆடுது. ரொம்ப நாளா பாத்துட்டுதான் இருக்கேன், சொன்னா கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

அப்பா இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். அவை அசையாமல்தான் இருந்தன. பார்க்கப் பார்க்க விரல்கள் மெல்ல நடுங்கத் தொடங்கின.

"ஆமாண்டா" என்றார். சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். "இனிமே நான் வரலம்மா. யார் மேலயாச்சும் ஏத்திட்டேன்னா என்ன பண்றது?" மகன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

மறுநாள் அப்பாவுக்குத் தெரியாமல் புது மூட்டு ஒன்றை மாட்டி, நட்டை இறுக்கி, அது கழலாதபடி கம்பிப் பின்னைச் செருகி வளைத்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கார் கோடு போட்டதுபோல் போயிற்று. அப்பா மகனுடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உன் கைக்குக் கொஞ்சங்கூட ஆடலையேடா! உன்னைப் போயி கையாலாகாதவன்னு சொன்னாளே அவ. அவ தெருதான் வருது, ஒரு நிமிஷம் நிறுத்து. என் மகன் கை எப்படிப்பட்ட கைன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"நேரமில்லப்பா" என்று கியரை மாற்றினான்.

தெரு பின்னால் போயிற்று. அப்பா, மகன் கண்ணில் பட வேண்டாமென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டார்.