பார்க்காமல் கொடுத்த பந்து

கோலில் நிற்கிறவனுக்குக் கை இருந்தால் போதாதா, கால் எதற்கு என்று கேட்கிறவர்கள், மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் தருவைகுளத்துக்கு வந்து, கடல் பக்கத்துக் கோலில் நின்று பார்க்க வேண்டும். எதிரே மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். பந்தை எவ்வளவு பலமாகத் தூக்கி அடித்தாலும் சரி, பாதி வானத்தில் அது கொஞ்சம் யோசித்து நிற்கும். பிறகு அடித்தவனைத் தேடியே திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த பந்தைத் தன் கோலுக்குள்ளேயே விட்ட கீப்பர்கள் இந்த ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருமே அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஜெனிஸ் நாலாவது ஆளாகாமல் தப்பியதற்குக் காரணம் தல்ஹா.

தல்ஹா காயல்பட்டினத்துக்காரன். தூத்துக்குடிக் கல்லூரியில் ஜெனிஸோடு ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் இருவருக்கும் ஹார்பர் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. ஜெனிஸுக்குக் கண்டெய்னர் யார்டில், தல்ஹாவுக்கு ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில். பந்து என்றால் உயிரை விடுகிற ஊரில் பிறந்தவன், ஞாயிற்றுக்கிழமையானால் சொந்த ஊர் டீமை விட்டுவிட்டு, அத்தனை தூரம் பைக்கை ஓட்டிக்கொண்டு தருவைகுளத்துக்கு ஆட வந்தான். ஏன் என்று காயலில் கேட்டார்கள், தருவைகுளத்திலும் கேட்டார்கள். இரண்டு ஊரிலும் அவன் சிரித்து வைத்தானே தவிர, பதில் சொன்னதில்லை. ஜெனிஸுக்கு மட்டும் அது கேட்காமலே தெரியும்.

"காத்துக்குத் தரையில என்னலே வேலை? தரையோட கொண்டு போவோம்" என்று முதலில் சொன்னவன் தல்ஹாதான். ஜெனிஸ் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது. காலிலேயே வைத்துக்கொண்டு, எதிராளி கிட்டே வரும்வரை பொறுக்க வேண்டும். வந்ததும் வலது பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கீப்பர் பார்க்கிற பக்கம்தான் பந்து போகும் என்று எதிராளி அந்தப் பக்கம் சாய்வான். அந்த நேரம் பெனால்டி கட்டத்தின் இடது ஓரத்தில் வந்து நிற்கும் தல்ஹா, "இங்கன" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பான். ஜெனிஸ் திரும்பிப் பார்க்காமலே, குரல் வந்த இடத்துக்குப் பந்தைத் தள்ளிவிடுவான். தல்ஹா அதை வலது காலில் வாங்கி, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வலது ஓரத்தில் ஆளில்லாமல் நிற்பவனுக்கு அனுப்புவான். அங்கிருந்து டீமே முன்னால் போகும்.

முதல் வருஷம் கரையில் நின்ற பெரியவர்கள் இதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். கோல் வாயில் நின்று விளையாட்டுக் காட்டுகிறானே, பைத்தியமா என்று ஏசினார்கள். மூன்று வருஷத்தில் இரண்டு கோப்பை வந்த பிறகு, அவர்களே அடுத்த ஊர்க்காரர்களிடம் பெருமை பேசினார்கள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெனிஸ் திரும்பிப் பார்த்துக் கொடுத்ததில்லை. ஒரு தடவைகூட அங்கே தல்ஹா இல்லாமல் போனதில்லை.

பிறகு ஒரு நாள் அவன் துபாய் போனான். மாமா கடைக்கு ஆள் வேண்டுமாம். ரெண்டே வருஷம்தான் என்றான். அந்த ரெண்டு வருஷம் அஞ்சு வருஷமாகிவிட்டது. முதலில் தினமும் பேசினான், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஜெனிஸ் அனுப்பும் நாலு வரிக்குக் கட்டைவிரல் படம் ஒன்று. கடைசியில் அதுவும் நின்றது. ஜெனிஸ் யார்டில் கண்டெய்னர் நம்பர்களைச் சரிபார்க்கிறவன். கப்பலேறும் பெட்டிகளில் துபாய்த் துறைமுகமான ஜெபல் அலிக்குப் போகிறவை தினமும் இருக்கும். அவற்றுக்கு டிக் போடும்போதெல்லாம், இந்த இரும்புப் பெட்டி கூடப் போய்ச் சேருகிறதே என்று அவனுக்குத் தோன்றும். வயது முப்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆனவன், ஒரு கண்டெய்னரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்றால் சிரிப்பார்கள். அதனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி விஜிலாவிடம் மட்டும் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. "அவருக்குப் போடுத மெசேஜ்ல பாதி எனக்குப் போட்டிருந்தா, நான் இந்நேரம் புஸ்தகமா தச்சு வச்சிருப்பேன்" என்பாள்.

இந்த வருஷமும் மீன்பிடித் தடைக்காலத்தில், ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கும்போதே, ஊர்ப் போட்டியை வைத்தார்கள். அரையிறுதியில் தருவைகுளத்துக்கும் காயலுக்கும் ஆட்டம். முந்தின நாள் காயல் டீமின் ஆட்டக்காரர் பட்டியல் கேப்டன் சத்தியராஜின் போனுக்கு வந்தது. நாலாம் நம்பருக்கு நேரே தல்ஹாவின் பெயர்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருக்கானாம். எட்டு நாளாச்சாம். ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சத்தியராஜ்.

ஜெனிஸுக்குத் தெரியாது. எட்டு நாள். ஒன்றேகால் மணி நேர பைக் தூரத்தில் எட்டு நாளாக இருக்கிறான். அந்த ராத்திரி அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். தல்ஹா தன்னை மறந்துவிட்டானா இல்லையா என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய தல்ஹா கொஞ்சம் சதை போட்டிருந்தான். தாடி வைத்திருந்தான். காயலின் பச்சை ஜெர்சியில் அவனைப் பார்ப்பது, வேறு யாரோ அவன் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஆட்டத்துக்கு முன் இரண்டு டீமும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு போனார்கள்.

"நல்லாருக்கியாலே?" என்றான் தல்ஹா. கண் ஜெனிஸின் தோளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

"இருக்கேன்" என்றான் ஜெனிஸ்.

அடுத்த ஆளுக்குக் கைகொடுக்கப் போய்விட்டான். அஞ்சு வருஷத்துக்கு அவ்வளவுதான். மறந்துதான் விட்டான் என்று ஜெனிஸ் முடிவு செய்துகொண்டான்.

முதல் பாதியில் காற்று தருவைகுளத்தின் முதுகுப் பக்கம். இருந்தும் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் ஜெனிஸ் கடல் பக்கத்துக் கோலுக்கு வந்தான். தல்ஹா போன பிறகு அந்தக் காலாட்டம் நின்றுபோயிருந்தது. சத்தியராஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வலது ஓரத்தில் ஆடும் எபனேசருக்கோ பந்து காலுக்கு வந்தாலே பதற்றம் வந்துவிடும். தூக்கி அடி என்பதே உத்தரவு. ஜெனிஸ் தூக்கி அடித்தான். காற்று திருப்பித் தந்தது. இப்படியே அரைமணி நேரம் போயிற்று.

அப்போது காயலுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமானவன் என்பதால் தல்ஹாவும் பின்னாலிருந்து ஏறி வந்தான். கார்னர் பந்தைச் சத்தியராஜ் தலையால் முட்டி வெளியேற்ற, அது வலது ஓரத்தில் எபனேசரிடம் விழுந்தது. பச்சை ஜெர்சிக்காரர்கள் இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். எபனேசர் வழக்கம்போலப் பதறி, பந்தை ஜெனிஸிடமே தட்டிவிட்டான். சொந்த ஆள் காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொட முடியாது. அந்த இரண்டு பேரும் இப்போது ஜெனிஸை நோக்கி ஓடி வந்தார்கள்.

"தூக்கி அடிலே!" என்று சத்தியராஜ் கத்தினார்.

காற்று காதில் இரைந்தது. பந்து காலடியில் இருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளே, இடது ஓரத்திலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு குரல் கேட்டது.

"இங்கன."

ஜெனிஸ் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அவன் இடது பக்கம் பந்தைத் தள்ளிவிட்டான்.

பந்து காலை விட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பினான். கட்டத்தின் ஓரத்தில், தன் இடத்துக்கு மூச்சிரைக்கத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த தல்ஹா, பச்சை ஜெர்சியோடு நின்றான். பந்து அவன் வலது காலுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வெறும் கோல். மைதானம் மொத்தமும் ஓவென்றது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஏமாற்றிக் கூப்பிட்டால் தப்பாட்டம். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த விஜிலா தலையில் கை வைத்தாள்.

தல்ஹா பந்தை வலது காலில் வாங்கினான். வாங்கி, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். தன்னை நோக்கி ஓடி வந்த தன் டீம்காரனையே ஒரு வெட்டு வெட்டித் தாண்டினான். வலது ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற எபனேசரின் காலுக்கு, தரையோடு தரையாக, அளந்து வைத்த மாதிரி அனுப்பினான். அனுப்பிவிட்டுக் கையை வீசி, "போ, போ, போ!" என்று கத்தினான்.

எபனேசர் பயத்திலேயே ஓடினான். காயல் டீமில் பாதிப் பேர் தருவைகுளத்துக் கட்டத்துக்குள் நின்று தல்ஹாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தடுக்கக் கீப்பரைத் தவிர ஆளில்லை. பதினைந்து நொடியில் கோல்.

ஊதவா வேண்டாமா என்று தெரியாமல் நடுவர் விசிலை வாயிலேயே வைத்திருந்தார். கோலை எதற்காக மறுப்பது? எதிராளியே பந்தை எடுத்துக் கொடுப்பது தப்பு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தருவைகுளத்து ஜனங்கள் குதிப்பதற்குப் பதிலாக விழுந்து விழுந்து சிரித்தார்கள். தல்ஹா, வீசிய கை அப்படியே நிற்க, குனிந்து தன் ஜெர்சியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஜெனிஸைப் பார்த்தான். அன்று முழுவதும் தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கண் இப்போது நேராக வந்தது.

காயல்காரர்கள் உடனே தல்ஹாவை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். "ஊரையே வித்துட்டானே" என்று ஒருவர் கத்தினார். ஆட்டம் ஒன்றுக்குச் சைபராகவே முடிந்தது.

முடிந்ததும் ஜெனிஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவனைத் தேடிப் போனான். கரையேற்றியிருந்த படகு ஒன்றின் நிழலில் தல்ஹா தனியாக உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகியிருந்தது.

"மறந்துட்டன்னு நெனச்சேன்" என்றான் ஜெனிஸ்.

"மறக்கத்தாம்லே பாத்தேன்." தல்ஹா நிமிரவில்லை. "அங்கன காலையில கடையத் தொறந்தா ராத்திரிதான் அடைக்கேன். அஞ்சு வருஷத்துல பந்தத் தொட்டதே இல்ல. நீ மெசேஜ் போடுவ, ஜெயிச்சோம், தோத்தோம்னு. ஒவ்வொண்ணையும் பத்துவாட்டி படிப்பேன். படிச்சிட்டுக் கல்லாவுல வந்து உக்காந்தா ஒரு வேலையும் ஓடாது. அதான் நிறுத்திட்டேன்."

"எட்டு நாளா வந்திருக்க."

"ரெண்டுவாட்டி தூத்துக்குடி வரைக்கும் வந்தேன். ஒன் யார்டு கேட்டுல பைக்க நிறுத்திட்டு நின்னேன். உள்ள வந்து ஒன்னப் பாத்துட்டா, அப்புறம் பிளேன் ஏற என்னால ஆவாதுலே."

ஜெனிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டான். வேன்காரர் ஹாரன் அடித்தார். உள்ளே இருந்தவர்கள் தல்ஹாவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல ஏசுவாங்க" என்றான் ஜெனிஸ்.

"ஏசட்டும். வியாழக்கிழமை போயிருவேன்லா."

"எப்ப வருவ?"

தல்ஹா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "ரெண்டு வருஷம்" என்றான்.

ஜெனிஸ் தலையை ஆட்டினான். அந்தக் கணக்கு இருவருக்குமே தெரியும். வேன் தார்ரோட்டில் ஏறும்வரை நின்றான். தல்ஹா மறக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தது தெரிந்துவிட்டது. தெரிந்தால் மனசு ஆறும் என்று ஜெனிஸ் நினைத்திருந்தான். ஆறவில்லை, வலி கூடத்தான் செய்தது. மறந்தவனாக இருந்தால் கோபப்பட்டாவது காலத்தை ஓட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை அவன் யார்டில் ஜெபல் அலிப் பெட்டிகளுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தல்ஹாவின் பிளேன் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், பெரியதாழையோடு. இரண்டாம் பாதியில் ஜெனிஸ் மறுபடி கடல் பக்கத்துக் கோலில் நின்றான். காற்று குறைந்தபாடில்லை. சத்தியராஜ் திருப்பித் தட்டிய ஒரு பந்து அவன் காலடிக்கு வந்தது. எதிராளி ஒருவன் ஓடி வந்தான். ஜெனிஸ் தூக்கி அடிக்கக் காலை ஓங்கினான்.

"இங்கன!"

குரல் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது. எபனேசர். வலது ஓரத்தை விட்டுவிட்டு, கட்டத்தின் இடது ஓரத்துக்கு, தல்ஹா நிற்கும் அதே இடத்துக்கு வந்து, வலது காலை முன்னால் வைத்து நின்றான். போன வாரம் பார்த்ததை வீட்டில் போய் யோசித்திருப்பான் போலிருக்கிறது. இந்தத் தடவை அவன் பதறவில்லை.

நல்ல இடம். சரியான நேரம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெனிஸ் தலையை இடது பக்கம் திருப்பினான். எபனேசர்தானா என்று கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தைக் கொடுத்தான்.