வழுக்கும் படம்

ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள் அவள். 'பிக்சர்', அதற்குள் 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'மோஷன் ஸ்மூத்திங்'. வாடிக்கையாளர்களுக்குப் புருஷன் ஃபோனில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வழி மனப்பாடம். தொட்டதில்லை. தொட்டிருந்தால் கையை ஒடித்திருப்பார், மனுஷன்!

இப்போது ஹாலில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பக்கவாதம் வந்தபின் பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கண்ணைத்தான் சிமிட்டுவார். "இன்னிக்கோ நாளைக்கோம்மா. பிடிச்சதைப் போட்டு விடுங்க" என்று டாக்டர் காலையில் சொல்லிப்போனார். போட்டிருந்தாள், அவர் உயிராக நேசிக்கும் பழைய சினிமாவை.

வீடு வீடாகப் போய் டிவியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்து தருவது அவர் தொழில். எங்கே நுழைந்தாலும் முதல் வேலை இந்த ஸ்மூத்திங்கை அணைப்பது. "இல்லாத காட்சியை நடுநடுவுல தானா செருகும். சினிமா வழுக்கிக்கிட்டு ஓடும், சீரியல் மாதிரி. த்தூ!" என்பார்.

சீரியல் என்றாலே அவருக்கு வேப்பங்காய். பெற்ற மகள் அதில் நடிக்கப் போனதும், "என் வாசப்படி மிதிக்காதே" என்று துணிப்பையைத் தெருவில் எறிந்தார். அவள் நடிக்கும் சீரியல் வரும் நேரத்தில் டிவியை அணைத்து ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். மகள் முகத்தைப் பார்க்க இவள் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்று அவர்கள் டிவியைப் பார்த்தாள். என்ன ஜென்மம் இது என்று எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கிறாள்!

ஸ்மூத்திங்கை முழுசாக ஏற்றினாள். படம் வழுக்கியது. அவர் கண் பிதுங்கியது.

"எரியுதா? எரியட்டும். எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது" என்றாள். "ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க. பொண்ணு வரட்டும்னு அர்த்தம். உடனே அணைச்சுடறேன்."

அவர் அவளையே பார்த்தார். சிமிட்டவில்லை. நீர் கோத்துக் காதோரம் வழிந்தது, அப்போதும் சிமிட்டவில்லை.

"சாகப்போற நேரத்துலயும் வீம்பு! ஒரே ஒரு தடவைங்க."

படம் ஓடி முடிந்தது. அவர் மார்பு ஏறி இறங்கவில்லை என்பதை அதன்பிறகுதான் கவனித்தாள். கண் திறந்தபடியே இருந்தது.

டிவியை அணைத்துவிட்டு மகளுக்கு ஃபோன் செய்தாள். "வாடி" என்றாள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கண்ணை மூடக் கை நீட்டினாள். "தொடாதீங்க. அவ வரட்டும்" என்று இவள் தடுத்தாள்.

மகள் படப்பிடிப்பிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். கன்னத்தில் சிவப்புப் பூச்சு, ஒட்டுவைத்த இமை. வாசலிலேயே தயங்கினாள்.

"முகத்தைக் கழுவிட்டு வந்துடறேன்மா."

"வேணாம். இப்படியே வா."

பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். "உன்னைப் பார்க்கத்தாம்மா கண்ணை மூடாமக் கெடக்கறாரு, பாவம்."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நிஜமாவாம்மா? என்னைத் தேடினாரா?"

நுனி நாக்குவரை வந்துவிட்டது பதில். அவள் நாற்காலியை இழுத்து, அவர் பார்வைக்கு நேராகப் போட்டாள்.

"உட்காரு" என்றாள்.